ஒட்டி மறைத்த விளக்கு

அக்காவுக்கு டாக்டர் மறுபடி கார் ஓட்ட அனுமதி கொடுத்துவிட்டார் என்ற செய்தியோடு போன வார அத்தியாயத்தில் சின்னவன் வீட்டை விட்டு வந்தோம். எல்லோருக்கும் சந்தோஷம். சின்னவன் மட்டும் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஏன் அப்படி நின்றான் என்பது இதுவரை அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

சின்னவனுக்கு நாற்பத்து நாலு வயது. தலை பாதி நரைத்தாயிற்று. இருந்தாலும் குடும்பத்துக்கு அவன் சின்னவன்தான். அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். வீடு வீடாகப் போய், கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து எழுந்து நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நோயாளி வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அன்றைக்குக் கார் சாவியைத் தம்பி கையில் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"பழைய இன்ஜின்டா, கொஞ்சம் ஆயில் குடிக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பானெட்டைத் திறந்து, அளவு பாக்கற கம்பிய எடுத்துப் பாரு. குறைஞ்சிருந்தா ஊத்து. வேற ஒண்ணும் நீ செய்ய வேண்டாம்."

"எனக்கே சொல்லித் தர்றியா? என் பொழப்பே அதுதானே!" என்று அவன் சிரித்தான்.

சும்மா சொன்னதில்லை. ஆபீஸ் ஆபீஸாகப் போய், சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பதுதான் அவன் வேலை. முள் பச்சையில் நிற்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா, உள்ளே பவுடர் இறுகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சிலிண்டரைக்கூடப் பார்க்காமல் அவன் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படிப்பட்டவன் ஆறு மாதத்தில் அந்தக் காரின் பானெட்டை ஒரே ஒரு தடவைதான் திறந்தான். அதுவும் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஊற்ற. ஆயிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு திருப்பத்தில் கண் சிமிட்டியது. ஆயில் குவளை மாதிரி படம். நேராக ஓட்டினால் அணைந்துவிடும். அது எரியும்போதெல்லாம் அக்கா அவனையே பார்க்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் வேலைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, நகத்தளவு வெட்டி, அதன்மேல் ஒட்டிவிட்டான். இரண்டு நாளைக்குத்தான், ஆயில் ஊற்றியதும் எடுத்துவிடலாம் என்று.

டேப் ஒட்டியதும் ஆயில் ஞாபகமும் போய்விட்டது.

*

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரை அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் வேலை நாள். முதல் நோயாளி, வலது கை விழுந்துபோன ஒரு தையல்காரர். "நீங்க வந்தாத்தான் நான் கத்திரிக்கோல் பிடிப்பேன்" என்று அவளுக்காகக் காத்திருப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சின்னவன் காரைக் கழுவினான். மெழுகு போட்டுத் தேய்த்தான். சக்கரத்து இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினான். முகம் பார்க்கலாம் போல வண்டி மின்னியது.

காலையில் அவன் மனைவி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவள் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடை அதே வழியில்தான்.

"இவ்வளவு தேய்ச்சீங்களே, ஆயில் பாத்தீங்களா?"

"போற வழியில பங்க்ல ஊத்திக்கலாம்."

"அப்ப பாக்கல."

"காலங்காத்தால ஆரம்பிக்காத."

அவள் கண் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய், அந்தக் கறுப்புப் புள்ளியில் நின்றது.

"அது என்ன?"

"எது? அதுவா, ராத்திரியில கண்ணு கூசுது. அதான் ஒட்டினேன்."

பங்க்கில் வரிசை நீளமாக இருந்தது. மணி எட்டு நாற்பது. அக்காவுக்கு நேரம் தவறினால் பிடிக்காது. இவ்வளவு நாள் ஓடியது இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓடாதா என்று அவன் நினைத்தான். நிற்காமல் போனான்.

மேம்பாலத்தில் ஏறும்போது சத்தம் ஆரம்பித்தது. டொக், டொக், டொக். யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி. சின்னவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். மனைவி கையை நீட்டி அதைக் குறைத்தாள்.

"என்னமோ தட்டுதே."

"டிக்கியில அக்கா நோயாளிங்களப் படுக்க வெக்கற மடக்கு டேபிள் இருக்கு. அது ஆடுது."

"டேபிள் முன்னாடியா இருக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் வண்டியே பதில் சொல்லிவிட்டது. தட்டல் வேகமானது. கருகின வாடை அடித்தது. பாலத்தின் உச்சியில், இரும்பை இரும்பு கடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு இன்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினான். 'டக்' என்றது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். மறுபடியும் 'டக்'.

பின்னால் ஹாரன்கள் ஒன்றாக அலற ஆரம்பித்தன. ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்ததைச் சொன்னார். சின்னவன் இறங்கி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். பின்னால் யாரோ கூடத் தள்ளுவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். மனைவி. கடைக்குப் போட்டிருந்த நல்ல செருப்பு வழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணாடிபோல மின்னிய டிக்கி மூடியில் அவள் கைரேகைகள் பதிந்திருந்தன.

ஓரமாக நிறுத்தியதும் அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, வண்டி நின்னுபோச்சு. பாலத்து மேல."

"நின்னுபோச்சா? ஆயில் பாத்தியாடா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

"போன வாரம்தான் பாத்தேன். நிறைய இருந்துச்சு."

"அப்புறம் எப்படிடா?"

"யாருக்குத் தெரியும்? கடைசியா உன் மெக்கானிக்தானே கை வெச்சாரு. ஏதாவது நட்டைச் சரியா முடுக்காம விட்டிருப்பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

"அவரா?" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "சரி. அவருக்கே சொல்றேன், வந்து இழுத்துட்டுப் போகட்டும். நானும் அங்க வரேன்."

போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தான். மனைவி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

*

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து நோய் சொல்லுகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

அவர் கார்களை நிறுத்தும் கொட்டகைக்குள் வண்டி இழுத்து வரப்பட்டபோது அக்கா அங்கே ஏற்கெனவே வந்திருந்தாள். இடது கையில் ஊன்றுகோல், வலது தோளில் வேலைப் பை. புதிதாக இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. ஆறு மாதம் கழித்து வேலைக்குப் போகிறவள் எப்படிக் கிளம்புவாளோ அப்படிக் கிளம்பியிருந்தாள்.

"பதினோரு வருஷமா உங்களைத் தவிர வேற யாரையும் இந்த வண்டியில கை வைக்க விட்டிருக்கேனா?" அவள் எடுத்த எடுப்பிலேயே மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நட்டைக்கூட ஒழுங்கா முடுக்கத் தெரியலையா? நடுப்பாலத்துல நின்னிருக்கு. பின்னாடி வந்தவன் இடிச்சிருந்தா என் தம்பி கதி என்ன?"

கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் ஸ்பானரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். டாக்டருடைய முகம் கறுத்தது.

"பாத்துடலாம் மேடம்," என்றார் அவர்.

சின்னவன் வாயைத் திறந்தான். மூடினான். 'அக்கா, அவர்மேல தப்பில்லை'. மூன்றே வார்த்தைதான். அவன் சொல்லவில்லை.

டாக்டர் பானெட்டைத் திறந்து, அளவு பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் ஒரு சொட்டு இல்லை. காய்ந்த பழுப்புக் கறை மட்டும். காருக்கு அடியில் புகுந்து, ஆயிலை இறக்கிவிடும் நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நட்டு நான் முடுக்கினபடியேதான் இருக்கு. ஒழுகல் இல்ல. நீங்களே வேணா குனிஞ்சு பாருங்க, தரையில கறையும் இல்ல."

அதைக் கழற்றி, கீழே ஒரு தட்டை வைத்தார். மூன்றரை லிட்டர் கொட்ட வேண்டிய இடத்தில் தார் மாதிரி ஏதோ மெதுவாக நீண்டு, ஒரு டம்ளர் அளவுக்கு விழுந்து நின்றது. விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து அக்காவிடம் காட்டினார். கறுப்புக்குள் பொடிப்பொடியாக மின்னியது.

"இரும்புத் தூள். ஆயில் இல்லாம ஒண்ணை ஒண்ணு தின்னிருக்கு. உள்ள எல்லாம் ஒட்டிப் பிடிச்சுடுச்சு."

"ஆனா போன வாரம் பாத்தானே..." அக்கா தம்பியைப் பார்த்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார். விளக்குகள் வரிசையாக எரிந்தன. பாட்டரி, கைப் பிரேக், கதவு. அவர் நெற்றி சுருங்கியது.

"சாவி போட்டதும் ஆயில் விளக்கும் எரியணும். எரியலையே."

குனிந்து பார்த்தார். நகத்தால் கிள்ளினார். கறுப்பு டேப் உரிந்து வந்தது. அதற்கு அடியில் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

டேப்பை விரல் நுனியில் ஒட்டியபடியே அவர் வெளியே வந்தார்.

"இத யாரு ஒட்டினது?"

சின்னவனுக்குக் காது மடல் இரண்டும் தீயாகச் சுட்டது. அந்த இரண்டு வேலைக்காரர்களும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரும் டாக்டரும் அக்காவும் தன்னையே பார்ப்பது குனிந்த தலைக்கே தெரிந்தது.

"நான்தான்," என்றது ஒரு குரல்.

அவன் மனைவி. இதுவரை கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தவள்.

"கண்ணு கூசுச்சு. அதான் ஒட்டினேன். அது எதுக்கான விளக்குன்னு எனக்குத் தெரியாது."

அக்கா மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள். ஊன்றுகோல் சிமென்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

"தெரியாதுன்னா கேக்கத் தெரியாதா உனக்கு? என் வண்டியில எதையாவது தொடறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது கேக்கணும்னு தோணாதா? நான் சாவியை உன்கிட்டயா கொடுத்தேன்? என் சம்பாத்தியத்துல நான் வாங்கின ஒரே பொருள் இது. நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டு ஓட்டினேன். உனக்கென்ன, வண்டியில ஏறி உக்காந்து பழக்கம், அவ்வளவுதானே!"

மனைவி தலையைக் குனியவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சின்னவன் சும்மா நின்றான்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை அவன் நினைத்துப் பார்த்திருக்கிறான். பேசியிருக்கலாம். கையை உயர்த்தியிருந்தால்கூடப் போதும். அவன் செய்தது என்னவென்றால், டிக்கியைத் திறந்து மடக்கு டேபிளை வெளியே எடுத்தான். ஏதோ அந்த நேரத்தில் அதுதான் முக்கியமான வேலை என்பதுபோல.

"எனக்குக் கடைக்கு நேரமாச்சு," என்று மனைவி யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு நடந்தாள். பாலத்தில் தள்ளியபோது அறுந்த செருப்பு வார், ஒவ்வொரு அடிக்கும் தரையில் தட்டியது.

அக்கா பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். "டேபிள் இருக்கட்டும். பஸ்ல எப்படித் தூக்கிட்டுப் போறது?"

கடைசியில் மெக்கானிக்கும் அவனும் மட்டும் நின்றார்கள். டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கும் வேலைக்கு நேரமாகலையா சார்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

*

அன்றைக்கு அவனுக்கு எட்டு மாடிக் கட்டடம் ஒன்று. மாடிக்கு நாலு சிலிண்டர். முதல் மாடியில் முள்ளைப் பார்த்தான், சீலைப் பார்த்தான், தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினான், கையெழுத்துப் போட்டான். இரண்டாவது மாடியிலும் அப்படியே. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு கொட்டகையிலேயே நின்றது.

மூன்றாவது மாடியில் காவலாளி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன சார் முகம் ஒரு மாதிரி இருக்கு? இங்க போன வருஷம் புது மேனேஜர் வந்தாரு. சிலிண்டரை எல்லாம் இன்னொரு தடவை சோதிக்கணும்னு சொன்னாரு. நான்தான் சொன்னேன், இவர் கையெழுத்துப் போட்டுட்டா யாரும் பாக்கவே வேண்டாம் சார், அப்படிப்பட்ட மனுஷன்னு."

சின்னவன் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். அட்டையைக் கையில் எடுத்தான். போன மாதம் தான் போட்ட கையெழுத்தைப் பார்த்தான். அழகான, வளைவு வளைவான கையெழுத்து. பேனாவை மூடிப் பையில் வைத்தான்.

"மிச்சத்தை நாளைக்கு வந்து பாக்கறேன். இன்னைக்குப் பாக்கற நிலைமையில நான் இல்ல."

மறுபடி கொட்டகைக்குப் போய், டாக்டர் முகத்தைப் பார்க்காமல் டேபிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். இரண்டு பஸ் மாறினான். கண்டக்டர் திட்டினார், பக்கத்தில் நின்றவர் காலில் டேபிள் விழுந்தது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். கேட்க வேண்டியவர்களைத் தவிர.

தையல்காரர் வீடு மூன்றாவது மாடி. மூடிய கதவுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... விரலை மடக்குங்க, விடாதீங்க, விடாதீங்க... மூணு. அவ்வளவுதான்! பாத்தீங்களா?" ஒரு கிழவர் சிரிக்கிற சத்தம். காலையில் வர வேண்டியவள் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாளோ, இப்போதுதான் முடிக்கிறாள். சின்னவன் படியில் உட்கார்ந்தான்.

கதவு திறந்து அக்கா வெளியே வந்தபோது மணி நாலு. அவனையும் டேபிளையும் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள். நாலு படி இறங்கியதும் அவன் சொன்னான்.

"டேப்பை நான்தான் ஒட்டினேன்கா."

அவள் நிற்கவில்லை. அடுத்த படியில் கால் வைத்தாள்.

"ஆயிலும் பாக்கல. ஆறு மாசத்துல ஒரு தடவைகூடப் பாக்கல. போன்ல சொன்னது பொய். மெக்கானிக்மேல போட்டதும் பொய். அவ எனக்காகத்தான் பழியை எடுத்துக்கிட்டா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

படித் திருப்பத்தில் அக்கா நின்று, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"டேப் விஷயம் தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"ஓட்டத் தெரியாதவ, கண்ணு கூசுதுன்னு எதுக்குடா ஸ்டியரிங்குக்குப் பின்னாடி போய் டேப் ஒட்டப் போறா? எனக்குக் காலுதான் உடைஞ்சுது, மூளை இல்ல. ஆனா அங்க நிக்கும்போது தெரியல. பஸ்ல உக்காந்தப்பதான் தோணிச்சு." ஊன்றுகோலின் நுனியையே பார்த்தாள். "நான் எப்படிடா அத அவ்வளவு சுலபமா நம்பினேன்? அவளத் திட்ட ஒரு காரணம் கிடைக்காதான்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி நம்பிட்டேன். கூட்டத்துக்கு முன்னாடி என்னென்ன சொன்னேன்!"

"தப்பு என்னோடதுக்கா."

"உன்னோடது உனக்கு. அதுல பங்கு கேக்கல நான். என்னோடது எனக்கு இருக்கு." அவள் மறுபடி இறங்க ஆரம்பித்தாள். "முதல்ல அந்த மனுஷன்கிட்ட போகணும். அப்புறம் உன் வீட்டுக்கு. டேபிளைத் தூக்கு."

*

கொட்டகையில் இன்ஜினின் அடிப்பாகத்தைக் கழற்றி ஒரு சாக்கின்மேல் பரப்பியிருந்தார்கள். காலையில் இருந்த இரண்டு வேலைக்காரர்களும் இருந்தார்கள். அக்கா வாயைத் திறப்பதற்குள் சின்னவன் முன்னால் போனான்.

"டாக்டர், உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நான்தான் ஆயில் பாக்கல. டேப்பும் நான் ஒட்டினதுதான். உங்க பேரைச் சொல்லித் தப்பிக்கப் பாத்தேன். மன்னிச்சுடுங்க."

காலையில் எல்லோரும் கேட்க அவர் எங்கே பேச்சு வாங்கினாரோ, அதே இடத்தில், அதே ஆட்கள் கேட்கத்தான் சொன்னான்.

"நானும் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள் அக்கா.

டாக்டர் ஒரு பேரிங் துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வழுவழுவென்று இருக்க வேண்டிய அரைவட்டத் தகடு, நாய் கடித்த மாதிரி குதறிக் கிடந்தது.

"மேடம் திட்டினது எனக்குப் பெருசில்ல. வண்டி நின்னுபோன வருத்தத்துல யாரும் திட்டுவாங்க. நீங்க பக்கத்துலயே நின்னீங்க பாருங்க, அதுதான் சார் கஷ்டமா இருந்துச்சு." பிறகு அக்காவிடம் திரும்பினார். "இந்த இன்ஜின் இனிமே இல்ல மேடம். வேற ஒண்ணு தேடிப் பாக்கறேன். கிடைக்க நாளாகும். கிடைக்காமலும் போகலாம்."

அக்கா காரின் கூரையில் ஒரு தடவை கையை வைத்தாள். அவ்வளவு மெழுகு போட்டுக் கொண்டுவந்த அந்த மினுமினுப்பைப் பார்க்கச் சின்னவனுக்குப் பிடிக்கவில்லை.

"தேடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

*

அவர்கள் வீட்டுக்குப் போனபோது இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. மனைவி அப்போதுதான் கடையிலிருந்து வந்திருக்க வேண்டும். அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாரை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றான் சின்னவன். "அக்காகிட்டயும், மெக்கானிக்கிட்டயும். உன்னை அங்க அப்படி நிக்க விட்டேன். எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே எனக்குத் தெரியல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள்.

அக்கா வாசற்படி ஏறாமல் அங்கேயே நின்றாள். "காலையில நான் பேசினது ரொம்பத் தப்பும்மா. அவனுக்காக நீ பழியைத் தூக்கிக்கிட்ட. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கொட்டிட்டேன். என்னை மன்னிச்சுடு."

மனைவியின் முகம் இளகும் என்று சின்னவன் நினைத்தான். அது வெளுத்தது. கையிலிருந்த செருப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் அண்ணி. என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க."

"ஏம்மா?"

"நான் ஒண்ணும் இவருக்காகத் தூக்கிக்கல." வார்த்தைகள் சிரமப்பட்டு வந்தன. "அந்த லைட்டை இவர் பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். ஒரு மாசம் ஆச்சு. ஒரு திருப்பத்துல எரிஞ்சு அணைஞ்சுது. இவர் ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தார். அது ஆயில் விளக்குன்னும் எனக்குத் தெரியும். தெரியாதுன்னு காலையில சொன்னதுதான் பொய். நான் சொல்லியிருந்தா அன்னைக்கே ஊத்தியிருப்பார்."

"அப்ப ஏன்..." என்றான் சின்னவன்.

"சொல்லல. உங்க அக்கா வண்டிதானே, கெட்டா கெடட்டும்னு இருந்தேன்." முதல் தடவையாக அவள் கண் கலங்கியது. "இன்னைக்கு அந்தக் கறுப்புத் தூளைப் பாத்தப்ப எனக்குத் தாங்கல. நான்தான்னு தானா வாயில வந்துடுச்சு. அதுல பாதி உண்மை அண்ணி. நீங்க திட்டினப்ப, இது எனக்கு வேணும்னுதான் நின்னேன்."

சின்னவனுக்கு, தன்னுடைய அவமானம் ஒன்றுதான் அந்த வீட்டில் இருக்கிறது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. பதினாறு வருஷம் ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு, அவள் மனசுக்குள் இப்படி ஒன்று எரிந்ததை அவன் பார்க்கவே இல்லை.

"நான் உனக்கு அப்படி என்ன செஞ்சேன்?" என்று அக்கா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"அதச் சொல்லணும்னா கல்யாணத்தன்னிக்கு இருந்து சொல்லணும் அண்ணி. ஒரு நாள்ல முடியாது."

சின்னவன் பயந்துபோய் அக்காவைப் பார்த்தான். அக்கா ஊன்றுகோலைக் கதவோரம் சாய்த்து வைத்தாள். வலிக்கிற காலை மெதுவாகத் தூக்கி வாசற்படிக்குள் வைத்தாள். தம்பியின் தோளைப் பிடித்துக்கொள்ளாமல், சுவரைப் பிடித்து நடந்து, மனைவி எழுந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஆரம்பி," என்றாள். "எனக்கு வண்டியும் இல்ல. வீட்டுக்குப் போற அவசரமும் இல்ல."